மூச்சு வாங்காத குரல்

புதன்கிழமை காலை பத்து மணிவரை சிவகௌரியின் குரல் செலஸ்தீனாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து ஐந்துக்குக் கேட்கவில்லை.

இருவரும் முன்னறையில் எதிரெதிராக உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமில் மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வராததைப் பற்றிக் கௌரி சொல்லிக்கொண்டிருந்தாள். செலஸ்தீனாவின் காதுக்குப் பின்னால் இருந்த கருவி இரண்டு முறை மெல்ல அதிர்ந்தது. புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அப்படித்தான் அதிரும். ஒரு நிமிடம் எல்லாச் சத்தமும் அணைந்தது. பிறகு மின்விசிறி திரும்பி வந்தது. தையல் மெஷின் வந்தது. வாசலில் முருங்கை மரத்துக் காக்கையும் வந்தது. கௌரி மட்டும் வரவில்லை. அவள் வாய் அசைந்தது, கையை ஆட்டினாள், எதற்கோ சிரித்தாள். அத்தனைக்கும் பின்னால் காக்கைதான் கத்திக்கொண்டிருந்தது.

"கௌரி, நீ பேசுறது எனக்குக் கேக்கல" என்றாள் செலஸ்தீனா.

கௌரி ஏதோ பதில் சொன்னாள்.

செலஸ்தீனாவுக்கு முப்பத்தைந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயிற்று. அரசுக் காப்பீட்டில் மண்டை எலும்புக்குள் ஒரு பாதியும், காதுக்குப் பின்னால் கழற்றி மாட்டும் மறுபாதியுமாகக் கருவி வைத்தார்கள். வைத்தவுடன் எல்லாம் கேட்டுவிடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருந்தது. அதிலிருந்து சொற்களைப் பொறுக்கி எடுக்க மூளை பழக வேண்டும். தினமும் யாராவது ஒரு மணிநேரம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கணவன் கயத்தானுக்குக் கடல் தொழில். மகன் ரொமால்டுக்கு அப்போது நாலு வயது. பொத்தான் தைக்க வந்துபோய்க்கொண்டிருந்த சிவகௌரிதான் நாளிதழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து வயதில் படகில் வந்து இறங்கி, அன்றிலிருந்து ஊர் எல்லையிலுள்ள அகதிகள் முகாமில் இருப்பவள். எட்டு மாதம் வாசித்தாள். முதலில் பிடிபட்ட சொல் 'வெங்காயம்'. அவள் சந்தை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தாள். இருவரும் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அது நடந்து இருபத்திரண்டு வருடம். செலஸ்தீனாவுக்கு எல்லாக் குரலும் கௌரியின் குரல் வழியாகத்தான் வந்தன என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் பஸ் பிடித்துத் தூத்துக்குடிக்குப் போனாள். கருவிகளைப் பார்க்கும் பீர்முகம்மது பதினைந்து வருடப் பழக்கம். கருவியைக் கழற்றிக் கணினியில் சொருகிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிட்டான்.

"கருவி நல்லாத்தான் இருக்குக்கா. நேத்து வந்த புது இயங்குதளம் பண்ற வேலை இது. பதிவு ஆகாத குரல் எதையும் இனிமே உள்ள விடாது."

"போனுக்குத்தானே தம்பி அந்தக் குரல் பதிவுச் சட்டம்? நேர்ல பேசுறவளுக்கு என்ன?"

"நேர்ல ஒரு ஆளு பேசுறதும் ஸ்பீக்கர்ல வர்றதும் உங்க கருவிக்கு ஒண்ணுதான். ஒரு பொய்க் குரல் உள்ள போயிட்டா கம்பெனிதான் பொறுப்புன்னு விதி போட்டிருக்காங்க. கம்பெனி என்ன பண்ணும்? பட்டியல்ல இல்லாத அத்தனையையும் அடைச்சிட்டான். காது கேக்குறவங்களுக்குப் போன்ல மட்டும்தான் தொந்தரவு. உங்களுக்கு ஊரே போன் மாதிரி ஆகிப்போச்சு."

"அவ பதிஞ்சுக்கிட்டா சரியாயிருமா?"

"பதியறதுக்குக் குடியுரிமை எண் வேணும். அவங்ககிட்ட முகாம் அட்டைதானே இருக்கு?"

செலஸ்தீனா காதுக்குப் பின்னால் கருவியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அந்தச் சட்டம் நான் கேட்டு வாங்குனது தம்பி" என்றாள்.

பீருக்கு அது தெரியும். அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு புயல் நேரம். விடியற்காலையில் வானொலியிலும் படகுகளின் கம்பியில்லாக் கருவியிலும் மாவட்ட ஆட்சியர் பேசினார். புயல் விலகிவிட்டது, தொழிலுக்குப் போகலாம் என்றார். பதினொரு படகுகள் போயின. பேசியது ஆட்சியர் அல்ல. அவர் குரலைக் கணினியில் யாரோ செய்திருந்தார்கள். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. விளையாட்டுக்காக இருக்கலாம் என்று விசாரணைக் கமிஷன் அறிக்கையில் எழுதியது. முப்பத்துநாலு பேர் திரும்பவில்லை. கயத்தான் அவர்களில் ஒருவன்.

கமிஷன் முன்னால் செலஸ்தீனா சாட்சி சொன்னாள். 'பேசுவது யார் என்று தெரியாத ஒரு குரலை நம்பி இனி எந்த வீட்டு ஆளும் கடலுக்குப் போகக்கூடாது' என்று அவள் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை நாடாளுமன்றத்தில் வாசித்தார்கள். அதை முத்துமுத்தான கையெழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தவள் கௌரி. இரண்டு வருடத்தில் சட்டம் வந்தது. எல்லோரும் வரிசையில் நின்று குரலைப் பதிந்துகொண்டார்கள். பொய் அழைப்புகள் அடியோடு நின்றன. நல்ல சட்டம் என்றுதான் செலஸ்தீனா நினைத்தாள், நேற்றுப் பத்து மணிவரை.

அமைச்சகத்துக்கு எழுதினாள். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. தாளின் தலைப்பில், சட்டத்தின் நோக்கம் என்று அச்சிட்டு, அவளுடைய அந்த வாக்கியத்தையே போட்டிருந்தார்கள். வேறொருவர் எழுதியதைப் படிப்பதுபோல் படித்து மடித்து வைத்தாள்.

நாலு மாதம் ஓடியது. மேசையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார்கள். 'தேத்தண்ணி?' 'காலர் அளவு சரியோ?' 'நாளைக்கு முகாமில கணக்கெடுப்பு, பிந்தித்தான் வருவன்.' கௌரியின் எழுத்து அழகுதான். ஆனால் நோட்டில் எழுதும்போது யாரும் தேவையில்லாததை எழுதுவதில்லை. தேவையில்லாததையெல்லாம் கேட்டுத்தான் செலஸ்தீனாவுக்கு இத்தனை வருடப் பொழுது போயிருந்தது. தைக்கும்போது குனிந்தபடி கௌரி என்னவோ பேசிக்கொண்டுதான் இருந்தாள், பழக்க தோஷம். உதட்டைப் படிக்கச் செலஸ்தீனா என்றும் கற்றதில்லை. மெஷினை நிறுத்தினால் அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருந்தது.

கார்த்திகை மாதம் மறுபடி பீரிடம் போனாள்.

"வேற வழியே இல்லையா தம்பி?"

பீர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஒண்ணு இருக்குக்கா. சொல்லுதேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கருவி உங்க தலைக்குள்ள இருக்கு. ஆனா அதுல ஓடுற இயங்குதளம் உங்களோடது இல்ல, கம்பெனியோடது. நீங்க உங்க காதுலயே வாடகைக்குத்தான் இருக்கீங்க. வீட்டுக்காரன் வந்து ஒரு ஜன்னலை அடைச்சிட்டுப் போயிட்டான். இதுக்குப் பதிலா வேறொரு இயங்குதளம் இருக்கு. பல நாட்டுல காது கேக்காதவங்களே சேர்ந்து எழுதினது. யாரும் எடுத்துக்கலாம், காசு கிடையாது. அது எந்தக் குரலையும் வடிகட்டாது."

"அப்ப அதைப் போட்டுவிடு."

"முழுசாக் கேளுங்க. அதுக்கு அரசாங்கச் சான்று இல்ல. உங்க குரல் பதிவு இந்தக் கருவியோட எண்ணுலதான் இருக்கு. சான்று இல்லாத இயங்குதளம் ஏறின உடனே உங்க பதிவு ரத்தாயிரும். அப்புறம் போன்ல, மைக்குல, எதுலயும் உங்க குரல் போகாது. உங்களுக்கு எல்லாரும் பேசுறது கேக்கும். நீங்க பேசுறது நேர்ல நிக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

"ரொமால்ட் ஞாயித்துக்கிழமை பேசுவானே."

"அவர் பேசுறது உங்களுக்குக் கேக்கும்."

செலஸ்தீனா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். ரொமால்ட் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான்.

"திரும்பப் பழையதுக்கு வர முடியுமா?"

"முடியாதுக்கா. ஒரு தடவை ரத்தானா ரத்துதான். அப்புறம், இது கெட்டுப்போனா கேக்க ஆளு கிடையாது. சட்டத்தையும் நான் முழுசாக் குறை சொல்லமாட்டேன். போன வருசம் எங்க வாப்பா குரல்ல எவனோ பேசி ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தான். பதிவு இருந்ததாலதான் பிடிச்சாங்க."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நான் போட்டுவிட்டா எனக்கு லைசென்ஸ் போயிரும். இப்ப மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. போயிட்டுவர இருபது நிமிசம் ஆகும். கருவியை அந்த ஒயர்ல மாட்டினா திரையில தமிழ்லயே கேக்கும். மூணு தடவை 'ஆம்'னு அமுக்கணும். அமுக்காமப் போனாலும் நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

அவன் போனதும் செலஸ்தீனா பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு மூன்று தடவை அமுக்கினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சத்தம் கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதது. நாலு மாதமாக ஒரு குழந்தை அழுதும் தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்து வயதுக்குக் கீழே யாருக்கும் பதிவு கிடையாது. வழி முழுக்க அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பேட்டரி மாற்றப் போவதாகத்தான் கௌரியிடம் நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவளைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். முன்னறையில் கௌரி குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தாள்.

"வந்திட்டியளோ அக்கா" என்றாள், மறுபடி குனிந்தபடி. "நேத்து எங்க விட்டனான்? ஓம், உங்கட வாசல்ல வந்து நிண்டது வரைக்கும் சொன்னனான்."

செலஸ்தீனா வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பானையில் தண்ணீர் மொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடித்தாள்.

"இது எத்தினையாம் தரம் சொல்லுறன் எண்டு தெரியேல்லை" என்றது கௌரியின் குரல். "கேக்காத ஆளிட்டச் சொல்லுறதும் ஒரு ஆறுதல்தான். அண்டைக்கு விடிய நாலரைக்கு ரேடியோவில அந்தக் குரல் வந்தது. முகாமில எல்லாரும் கேட்டவை. எனக்கு மட்டும் ஏதோ மாதிரி இருந்தது. ஏனெண்டு கொஞ்ச நேரம் விளங்கேல்லை. பிறகுதான் பிடிபட்டது. அந்த ஆள் மூச்சே எடுக்கேல்லை அக்கா. எட்டு மாசம் உங்களுக்குப் பேப்பர் வாசிச்சவளுக்கு அது தெரியாதோ? எவ்வளவு கெட்டிக்காரரெண்டாலும் நீளமான வசனத்தில ஒரு இடத்தில மூச்செடுக்கத்தான் வேணும். அந்தக் குரல் கடைசிமட்டும் எடுக்கேல்லை."

ஊசி துணியில் இறங்கி ஏறியது.

"ஓடி வந்தனான். கதவைத் தட்டினன், தட்டினன். நீங்க கருவியைக் கழட்டி வச்சிட்டுப் படுத்திருப்பியள். கயத்தான் அண்ணை அப்பவே வீட்டை விட்டுக் கரைக்குப் போட்டார். நான் கரைக்கு ஓடினன். பாதி வழியில பொலிஸ்காரன் ஒருத்தன். ஆறு மணிக்கு முன்னம் முகாமை விட்டு ஏன் வெளிய வந்தனி எண்டு கேட்டான். சொன்னால் நம்புவானோ? கலெக்டரே சொல்லிட்டார், நீ ஆர் எண்டு கேப்பான். முகாமுக்கே திரும்பிப் போட்டன். அவனைத் தாண்டி ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அண்ணை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின சத்தம் எனக்குக் கேட்டது அக்கா."

செலஸ்தீனா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அரிசியைக் களைந்தாள். களைந்ததையே மறுபடி களைந்தாள். சாயங்காலம் கௌரி போகும்போது நோட்டில் 'போயிட்டு வாறன்' என்று எழுதிக் காட்டினாள். செலஸ்தீனா தலையாட்டினாள்.

அடுத்த மூன்று நாளும் அப்படியே போயின. கௌரி பேசினாள், செலஸ்தீனா கேட்காதவளாக உட்கார்ந்து தைத்தாள். ஒருநாள் கோபத்தில் தையல் கோணிற்று. ஆறு வருடம் தினமும் இந்த வீட்டுக்கு வந்து, தன் கையால் தேநீர் வாங்கிக் குடித்து, கமிஷன் முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியவில்லை. இன்னொரு நாள், மெலிந்துபோன அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பேச்சு நின்றுவிடும். ஒருவேளை கௌரியும் அதோடு வராமல் போய்விடுவாள். யாருடைய குரலுக்காக மகனிடம் பேசுவதையே விட்டாளோ, அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை கௌரி பேசவே இல்லை. நோட்டில் மட்டும் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ரொமால்ட் அழைத்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தது.

"அம்மா? ஸ்கிரீன்ல 'பதிவு இல்லாத குரல்'னு வருது. நீங்கதான் பேசுறீங்களா?"

விஷயத்தைச் சுருக்கமாகத் தட்டெழுதி அனுப்பினாள். அவன் படிக்கும் நேரம் முழுவதும் பின்னால் கிரேன் ஓடும் சத்தம் கேட்டது.

"கௌரி சித்திக்காகவா?" என்றான். "சரிம்மா. சித்தி நமக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க. ஆனா உங்க குரலைக் கேக்கத்தானேம்மா நான் போனே பண்ணுதேன். டைப் பண்றதுன்னா மெசேஜ் போதுமே." பிறகு, "அழுறீங்களா? அழுதாலும் எனக்குத் தெரியாதேம்மா" என்றான்.

அவள் அழவில்லை. அவனுக்குக் கேட்காது என்பது, அப்போது, எதையோ திறந்துவிட்டதுபோல் இருந்தது. போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அந்த வாரம் உங்கப்பாவோட சண்டை ரொமால்ட். நீ கப்பலுக்குப் படிக்கப் போகக்கூடாதுன்னாரு. போகட்டும்னேன் நான். புயல் நாள்ல நான் கருவியோடதான் படுப்பேன், அறிவிப்பு ஏதாவது வருமேன்னு. அன்னைக்கு அவரு விடாமப் பேசிக்கிட்டே இருந்தாரு. கருவியைக் கழட்டி வெச்சிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். தூங்கக் கழட்டல. அவரு பேசுறதைக் கேக்கக்கூடாதுன்னு கழட்டினேன். விடியக்காலையில ஒருத்தி வந்து கதவைத் தட்டு தட்டுன்னு தட்டியிருக்கா. நான் எந்திரிச்சிருந்தா அவருக்கு ஒரு போன் போட்டிருப்பேன்."

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? ஒண்ணுமே வரல."

"இருக்கேன்" என்றாள் அவள். 'இருக்கேன்' என்று தட்டெழுதியும் அனுப்பினாள்.

அவன் சாப்பாட்டைப் பற்றி, வெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினான். தனியாகப் பேசுவதில் எவ்வளவு தூரம் போக முடியும்? "அடுத்த வாரம் கூப்பிடுதேன்" என்று வைத்தான். செலஸ்தீனா வெகுநேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடத்தில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கமிஷனிடமும் இல்லை, சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் இல்லை.

திங்கள்கிழமை கௌரி வந்தாள். ஆர்டர் முடிகிற நாள், முப்பது சட்டைக்குப் பொத்தான் பாக்கி. இருவரும் மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கௌரி அன்றும் பேசவில்லை. தனக்குக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, தெரிந்துதான் அத்தனையும் சொன்னாளோ, எந்த நாளிலிருந்து தெரியும் என்று செலஸ்தீனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சட்டைகளை மடித்துக் கட்டி வைத்துவிட்டு கௌரி பையை எடுத்தாள். மேசையில் நோட்டு திறந்தபடியே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. வாசலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்பைக் காலால் தேடி மாட்டினாள். மாட்டிய பிறகும் நகரவில்லை.

"நாளைக்கு நான் வரலாமோ அக்கா?" என்றாள் வெளியே பார்த்தபடி.

தெருவில் ஒரு மீன் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அது திரும்பி மறையும்வரை செலஸ்தீனா அந்த முதுகையே பார்த்தாள்.

"வரும்போது வெள்ளை நூல் ரெண்டு கண்டு வாங்கிட்டு வா" என்றாள்.

கௌரி திரும்பவில்லை. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"எத்தினையாம் நம்பர்?"

"அறுபது."

"சரி அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.